உறைமழைக்கு மறுநாள்

ஸ்காபரோவிலிருந்து:

2013 டிசம்பரில் பெய்த, விழுந்த இடத்திலேயே ஐஸாகிப்போன அந்த உறைமழையை ரொறன்ரோவில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 22ஆம் திகதி விடிந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. நகரம் முழுக்க ஏறக்குறைய 3 இலட்சம் இணைப்புகள் போயின. பின்வளவு மேப்பிளின் சுள்ளி ஒவ்வொன்றையும் ஐஸ் விரல் மொத்தத்துக்கு மூடியிருந்தது. பார்க்க அழகுதான். ஆனால் பட்டை இடுக்கில் குருவிகள் ஒளித்து வைத்த விதை, பூச்சி முட்டை எல்லாம் அதற்கு அடியில் மாட்டிக்கொண்டன.

அடுத்தடுத்த நாட்களில் குளிர் இன்னும் இறங்கியது. அம்மா ஊர்ப் பழக்கத்தில் காகத்துக்கு என்று ஒரு பிடி சோறு வைத்தார். அரை மணித்தியாலத்தில் அது கூழாங்கல். நீல ஜே என்கிற பறவை ஒன்று வந்து இரண்டு கொத்துக் கொத்திவிட்டு, எங்களைத் திட்டுவதுபோலக் கத்திக்கொண்டு போனது.

குருவிகளுக்கு விதை போட்டுத் தொங்கவிடும் பீடரின் மூடியும் உறைந்திருந்தது. கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து ஊற்றினேன். மடத்தனம்! அந்த நீரும் உறைந்து வாயை இன்னும் இறுக்கிக்கொண்டது. கடைசியில் கழற்றிக் குளியலறைக்குள் கொண்டுபோய் இளக்கி, ஈரம் துடைத்து, கறுப்புச் சூரியகாந்தி விதை நிரப்பினேன்.

மாட்டி முடிப்பதற்குள் சிக்கடீ என்கிற சின்னக் குருவி ஒன்று வந்துவிட்டது. ஆள் நிற்பது அதற்குப் பொருட்டே இல்லை. இரண்டு ஒரு டொலர் காசின் எடைகூட இருக்காது. ஒரு விதையைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் போனது. கால் வழுக்கியது, விதை கீழே விழுந்தது. மறுபடி வந்தது, மறுபடி வழுக்கல். மூன்றாம் தரம் கூரைக்கடியில் காய்ந்திருந்த ஜன்னல் சட்டத்தில் குந்தி, விதையைக் காலால் அமுக்கி, டொக் டொக் என்று உடைத்துத் தின்றது.

இவை இரவில் உடல் சூட்டைப் பத்துப் பாகை வரை இறக்கித்தான் குளிரைத் தாண்டுகின்றன என்று பிறகுதான் அறிந்தேன். விடியும்போது உடம்பில் கொழுப்பு மிஞ்சாது. அதனால் இப்போதெல்லாம் விடியுமுன்னே விதை போட்டுவிடுவேன். கடையில் கொழுப்புக் கட்டியும் வாங்கினேன். மாட்டுக் கொழுப்பு என்றதும் அம்மா, “குருவி தின்னட்டும், என்ர பிரிட்ஜுக்குள்ள வைக்காத” என்றார்.

மார்க்கம் நகரிலிருந்து, பதில்:

அக்கா, எங்கள் வீட்டில் வில்லன் அணில்தான். பறவைக்கு மிளகாய் உறைக்காது என்று கேள்விப்பட்டு விதையில் தூளைக் கலந்தேன். பீடரைத் தூக்கவும் காற்று திரும்பியது, கண்ணெல்லாம் தூள். நான் கண்ணைக் கழுவிக்கொண்டு நின்ற நேரத்தில் கார்டினல் குருவிச் சோடி ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தது. அணில் ஒரு வாய் வைத்துவிட்டு மூஞ்சியைப் பனியில் தேய்த்தது. அப்புறம் தூளை விட்டுவிட்டுக் அணில் ஏறாதபடி பீடர் கம்பத்தில் தகரக் கூம்பு மாட்டினேன். பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அம்மாவைச் சோற்றுக்குப் பதில் உப்பில்லாத நிலக்கடலை வைக்கச் சொல்லுங்கள், தோலோடு. அந்தக் கோபக்கார ஜே குடும்பத்தோடு வரும்.