சோலாரிஸ் 10-லிருந்து லினக்ஸில் மாட்டிய பிரிண்டருக்கு அச்சு போகவில்லை, உதவி தேவை

ஆலைக்கணினி:

வணக்கம். எங்கள் நூற்பாலையில் சம்பளப் பட்டியல் போடும் மென்பொருள் இன்னும் ஒரு ஸ்பார்க் மெஷினில், சோலாரிஸ் 10 என்ற பழைய யுனிக்ஸ் இயங்குதளத்தில்தான் ஓடுகிறது. எழுதிக் கொடுத்தவர் ஊரை விட்டே போய்விட்டார், சோர்ஸ் கோடும் கையில் இல்லை, அதனால் "அதைத் தூக்கிப் போடுங்கள்" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம், அதை நாங்களே தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். இத்தனை வருடமாக அதன் பின்னால் 132 காலம் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் ஒன்று நேராக மாட்டியிருந்தது. போன மாதம் அது மூச்சை விட்டுவிட்டது, அதற்கு ரிப்பன் கிடைப்பதும் குதிரைக்கொம்பு. இப்போது இருப்பது ஒரே ஒரு லேசர் பிரிண்டர். ராக்கி லினக்ஸ் 9 சர்வரில் யுஎஸ்பி வழியாக மாட்டி, கப்ஸ் என்ற அச்சு மென்பொருளில் ஷேர் செய்திருக்கிறேன். மற்ற லினக்ஸ் மெஷின்களிலிருந்து அச்சு அருமையாக வருகிறது.

சோலாரிஸில் பிரிண்டரைச் சேர்க்கும் எல்பிஅட்மின் கட்டளை கொடுத்து, சம்பளம் என்ற பெயரில் ராக்கி சர்வரின் லேசர் க்யூவை (அச்சு வரிசையை) காட்டிவிட்டேன். எல்பிஸ்டாட் பார்த்தால் வேலை வரிசையில் நிற்கிறது, ஆனால் நகர மாட்டேன் என்கிறது. பிங் போகிறது, 631-வது போர்ட்டுக்கு டெல்நெட்டும் போகிறது. சனிக்கிழமைக்குள் போனஸ் பட்டியல் கொடுத்தாக வேண்டும். கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், ஃபோனில் இருக்கும் கீபோர்டு அப்படி, மன்னிக்கவும்.

ஸ்பூல்ராஜா:

631 திறந்திருந்து உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அது ஐபிபி என்ற வேறொரு அச்சு நெறிமுறைக்கானது. சோலாரிஸ் 10-இன் எல்பி அந்தப் பக்கமே போகாது, எல்பிடி என்ற பழைய அச்சு நெறிமுறையில் 515-வது போர்ட்டைத்தான் தட்டும். 1990-இல் ஆர்எஃப்சி 1179 என்ற இணைய ஆவணமாக எழுதி வைத்தார்களே, அதுதான். கப்ஸ் 1999-இல் வந்தபோதே ஐபிபியைப் பிடித்துக்கொண்டது, எல்பிடியைக் கேட்டு வாங்க அதில் தனியாக ஒரு சின்ன நிரல் உண்டு, பெயர் கப்ஸ்-எல்பிடி. ராக்கியில் அது தனிப் பேக்கேஜ், தானாக வராது. டிஎன்எஃப் வைத்து நிறுவிவிட்டு, சிஸ்டம்சிடிஎல்லில் கப்ஸ்-எல்பிடி டாட் சாக்கெட்டை எனேபிள் செய்து ஸ்டார்ட் கொடுங்கள். சர்வீஸை அல்ல, சாக்கெட்டை. இதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அப்புறம் ஃபயர்வாலில் 515 டிசிபி.

ஆனால் ஃபயர்வாலை எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். கப்ஸ்டி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் யாருக்கு அனுமதி என்று நீங்கள் எழுதி வைத்திருப்பது எதையும் கப்ஸ்-எல்பிடி மதிக்காது, அதன் மேன் பக்கத்திலேயே (கையேட்டிலேயே) அப்படித்தான் போட்டிருக்கிறது. 515-ஐ எட்ட முடிந்தவன் எவனும் உங்கள் காகிதத்தைத் தீர்க்கலாம். சோலாரிஸின் ஐபி முகவரிக்கு மட்டும் ஒரு ரிச் ரூல் (தனி ஃபயர்வால் விதி) போடுங்கள்.

சோலாரிஸ் பக்கம் ஒரு விஷயம். ஈடிசி-க்குள் இருக்கும் பிரிண்டர்ஸ்.கான்ஃபைத் திறந்து பிஎஸ்டிஅட்ரஸ் வரியைப் பாருங்கள். சர்வர் பெயர், க்யூ பெயர், அதற்குப் பிறகு கமா போட்டு சோலாரிஸ் என்று மூன்றாவதாக ஒரு சொல் இருந்தால், எதிரில் இருப்பதும் சோலாரிஸ்தான் என்று நினைத்துத் தன் சொந்தச் சேர்க்கைகளையும் சேர்த்து அனுப்பும். எல்பிசெட் கட்டளை வைத்து அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

நேர்வழி:

எதற்கு இவ்வளவு சுற்று? பிரிண்டரில் நெட்வொர்க் கார்டு இருந்தால் சோலாரிஸிலேயே நெட்வொர்க் பிரிண்டருக்கான நெட்ஸ்டாண்டர்ட் மாடலைப் போட்டு, நேராக 9100-வது போர்ட்டுக்கு அனுப்பிவிடலாம். நடுவில் லினக்ஸே வேண்டாம்.

ஆலைக்கணினி:

நேர்வழி சார், யுஎஸ்பி என்று முதலிலேயே சொன்னேனே, அதில் நெட்வொர்க் கார்டு கிடையாது. புதிதாக வாங்கச் சொன்னால் முதலாளி என்னைத்தான் மாற்றுவார்.

ஸ்பூல்ராஜா சார், சொன்னபடி எல்லாம் செய்தேன். மூன்றாவது சொல் இருந்தது, எடுத்துவிட்டேன். காலையில் முதல் முறையாகக் காகிதம் வெளியே வந்தது, டீ வாங்கக்கூடப் போகாமல் பக்கத்திலேயே நின்றேன். ஆனால் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே. முதல் ஆளின் பெயரும் தொகையும் ஒழுங்காக இருக்கிறது, இரண்டாவது ஆள் முதல் வரி முடிந்த இடத்துக்குக் கீழே ஆரம்பிக்கிறார், மூன்றாவது ஆள் பாதி உடம்போடு காகிதத்தின் வலது ஓரத்தில் தொங்குகிறார். அதன் பிறகு வெறும் வெள்ளை.

ஸ்பூல்ராஜா:

படிக்கட்டு! இதைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று. யுனிக்ஸில் வரி முடிந்தால் லைன் ஃபீட் மட்டும்தான், கேரேஜ் ரிட்டர்ன் கிடையாது. இடையில் யாரும் மாற்றிக் கொடுக்காமல் அப்படியே லேசருக்குப் போனால், அது ஒரு வரி கீழே இறங்கும், இடது ஓரத்துக்குத் திரும்பாது. அதாவது உங்கள் வேலை பிரிண்டருக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கும் கப்ஸின் ஃபில்டரைத் தொடாமல் பச்சையாகப் போகிறது.

காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு எழுத்து. எல்பிடியில் ஒவ்வொரு வேலையோடும் ஒரு கண்ட்ரோல் ஃபைல் போகும். அதில் எஃப் என்று வந்தால் சாதாரண உரை, எல் என்று வந்தால் கைவைக்காதே என்று பொருள். எல் வந்தால் கப்ஸ்-எல்பிடி அதை ரா (மாற்றாமல் அனுப்பும்) வேலையாக எடுத்துக்கொள்ளும். உங்கள் சம்பள மென்பொருள் எந்தக் கட்டளையைக் கூப்பிட்டு அச்சடிக்கிறது என்று தேடுங்கள், எங்காவது ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எல்பிஆர் என்ற அச்சுக் கட்டளை, அதன் பக்கத்தில் ஒரு மைனஸ் எல் இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்கிரிப்டைத் தொட முடியாவிட்டால் லினக்ஸ் பக்கமே சரிசெய்யலாம்: கப்ஸ்-எல்பிடியை ஓட்டும் வரியில், டாக்குமென்ட்-ஃபார்மட் என்பது அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம் என்று ஒரு மைனஸ் ஓ சேர்த்தால், எல் வந்தாலும் கண்டுகொள்ளாமல் கோப்பின் வகையைத் தானே பார்த்து முடிவு செய்யும். சிஸ்டம்சிடிஎல் எடிட் கொடுத்து மாற்றும்போது எக்ஸெக்ஸ்டார்ட்டை (நிரலை ஓட்டும் அந்த வரியை) ஒரு முறை காலியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் புதியதை எழுதுங்கள், இல்லாவிட்டால் இரண்டு கட்டளை இருக்கிறது என்று சண்டைக்கு வரும்.

டீமன்பிரியன்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், இதே சர்வருக்கு ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு யுனிக்ஸ் வகையிலிருந்து அனுப்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிண்டர்களைப் பட்டியலிடும் பிரிண்ட்கேப் கோப்பில் ஆர்எம் என்பது சர்வர், ஆர்பி என்பது அங்கிருக்கும் க்யூ, எஸ்டி என்பது நம் மெஷினில் உள்ள ஸ்பூல் டைரக்டரி (அச்சு வேலைகள் காத்திருக்கும் இடம்). அந்த டைரக்டரியை நாம்தான் உருவாக்க வேண்டும், சோம்பலாக இருந்தால் செக்பிரிண்ட்கேப் மைனஸ் டி அதைச் செய்துவிடும். நான் ஒரு முழு நாளைத் தொலைத்தது வேறு இடத்தில். கப்ஸையும் நிறுவி வைத்திருந்தேன். யூசர் பின்னில் ஒரு எல்பிஆர், யூசர் லோக்கல் பின்னில் கப்ஸின் எல்பிஆர். நான் ஒன்றுக்கு அனுப்பிவிட்டு இன்னொன்றின் வரிசையைப் பார்த்து "காலியாக இருக்கிறதே" என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். முழுப் பாதையோடு அடித்துப் பாருங்கள்.

ஆலைக்கணினி:

கிடைத்துவிட்டது. ஸ்கிரிப்டின் கடைசி வரியில் எல்பிஆர் மைனஸ் எல், அதற்கு மேல் வரியில் டாட் மேட்ரிக்ஸை நெருக்கி அடிக்கச் சொல்லும் ஒரு கண்ட்ரோல் பைட். அந்தக் காலத்தில் இரண்டும் தேவைதான், அந்த பைட் அப்படியே போய்ச் சேர வேண்டும் என்றுதான் மைனஸ் எல் போட்டிருக்கிறார். இரண்டையும் எடுத்தேன், படிக்கட்டு போய்விட்டது. 132 காலம் ஏ4-இல் அடங்குவதற்கு லேசர் க்யூவுக்கே படுக்கைவாட்டமாகவும், அங்குலத்துக்கு 14 எழுத்து, 8 வரி என்றும் டீஃபால்ட் வைத்தேன். கணக்காளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார், எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார், ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். சோலாரிஸில் சி ஷெல்லில் எல்பிஅட்மின் அடித்தபோது ஈவென்ட் நாட் ஃபவுண்ட் என்று வந்தது, சாதாரண ஷெல்லுக்கு மாறியதும் சரியாகிவிட்டது. ஏன்?

ஸ்பூல்ராஜா:

எல்பிஅட்மின் கட்டளையில் சர்வர் பெயருக்கும் க்யூ பெயருக்கும் நடுவில் ஆச்சரியக்குறி இருக்கிறதல்லவா, சி ஷெல் அதைப் பார்த்ததும் பழைய கட்டளையைத் தேடக் கிளம்பிவிடும். முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போடுங்கள்.