ஒழுங்கையின் வடிகானைச் சீரமைக்க மாநகர சபையை எவ்வாறு அணுகுவது?

கூளாவடி வாசி:
மட்டக்களப்பு மாநகர எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஒழுங்கையில், மார்கழி மழை தொடங்கிவிட்டால் தண்ணீர் நாட்கணக்கில் வடிவதில்லை. ஒழுங்கை முடியும் இடத்தில் ஆளில்லாத வளவொன்று குப்பைமேடாகிக் கிடக்கிறது. எல்லோரும் சோலைவரி (வீடு, வளவுக்காகச் சபைக்குக் கட்டும் வரி) கட்டுகிறோம். சிரமதானம் செய்யவும் ஓரளவு பணம் சேர்க்கவும் அயலவர்கள் ஆயத்தமாக உள்ளனர். சபையின் வேலைத்திட்டத்தில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ப்பிக்கத் தனியொருவரின் கடிதம் போதுமா, அல்லது சங்கமாகக் கேட்க வேண்டுமா?

புளியந்தீவான்:
முதலில், வடிகான் எந்த வீதியில் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சீ, டீ வகுப்பு வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் உரியவை என்பதால், உள் ஒழுங்கை மாநகர சபையுடையதாக இருந்தாலும் தண்ணீர் பிரதான வீதியின் கானில் விழுமானால் அங்கும் அனுமதி பெற வேண்டியிருக்கும்.

கடிதத்தைச் சனசமூக நிலையம் அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் கொடுப்பதே நல்லது. பதிவும் வங்கிக் கணக்கும் உள்ள சங்கத்திடம் சிறிய வேலைகளை நேரடியாகவே ஒப்படைக்கலாம். தனிநபரிடம் அவ்வாறு கொடுப்பதில்லை. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பின்னர் வட்டார உறுப்பினர்கள் மீண்டும் இருப்பதால், உங்கள் வட்டார உறுப்பினருக்கும் மாநகர ஆணையாளருக்கும் பிரதி அனுப்புங்கள். நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஆகவே வெள்ளம் வந்தபின் கேட்பதைவிட, அடுத்த ஆண்டின் பாதீடு தயாராகும் முன்பே கேட்பது பயன் தரும்.

பழைய மேற்பார்வையாளர்:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் என் அனுபவத்தில் உங்கள் ஒழுங்கைக்குக் காசைவிட முந்தி வேண்டியது மட்டம் பார்ப்பது. பருவமழைக் காலத்தில் வாவியின் நீர்மட்டமே உயர்ந்து, வாவி கடலில் சேரும் முகத்துவாரம் வெட்டிவிடப்படும் வரை இறங்காமல் நிற்கும்போது, தாழ்வாகக் கட்டிய கானின் வாயில் தண்ணீர் வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே வரும். கொங்கிரீட் போட்டு முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்களே அதிகம். அதனால் தொழில்நுட்ப உத்தியோகத்தரை வரவழைத்து, கானின் தொடக்கத்திலிருந்து அது விழும் இடம்வரை மட்டம் எடுக்கச் சொல்லிக் கடிதத்திலேயே எழுதுங்கள். இன்னொன்று: வீட்டு வாசலுக்காகக் கானுக்கு மேல் போட்ட சிறு மதகுகளும், மண் நிரப்பி உயர்த்திய வளவுகளும் தண்ணீரை மறிக்கின்றனவா என்பதை அயலவர்களே ஒருநாள் நடந்து பார்த்துவிடலாம். இதில்தான் மனஸ்தாபம் வரும். வாசலை உடைக்கச் சொன்னால் எவரும் உடனே சம்மதிப்பதில்லை. ஆகவே அந்தப் பேச்சைச் சங்கக் கூட்டத்தில் வைத்துத் தீர்த்துக்கொண்டு, அதன்பின் சபைக்குப் போங்கள்.

கூளாவடி வாசி:
இருவருக்கும் நன்றி. வெறும்வளவின் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். அதற்கு என்ன வழி?

புளியந்தீவான்:
நுளம்பு பெருகும் இடமாக இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறையிடுங்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், அவ்விடத்தை நுளம்பு பெருகாமல் வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர் மீதும் குடியிருப்பவர் மீதும் சுமத்துகிறது. வடிகான் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் வட்டாரத்துக்கு இவ்வாண்டு ஒதுக்கிய பணம் எவ்வளவு, எந்த வேலைகளுக்கு என்று கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.