அமெரிக்காவுல ஸ்டேட் பார்டர மாத்தவே முடியாதாமே? மச்சான்கிட்ட பந்தயம் கட்டிட்டேன்

ஏலக்கா மூட்டை:
வணக்கம் மக்களே. நமக்கு வீடு கம்பத்துல, பொழப்பு குமுளில. விடியகாலைல ஜீப்புல மேல ஏறி ராத்திரி கீழ எறங்குற ஆளு. நேத்து டீக்கடைல வழக்கம்போல கேரளாவுல இருக்குற தேவிகுளம் பீர்மேடு ஏன் 1956ல மொழிவாரியா ஸ்டேட் பிரிச்சப்ப நம்ம பக்கம் வரலன்னு பேச்சு ஆரம்பிச்சு, முல்லைப்பெரியாறுக்குப் போயி, கடைசில எங்க மச்சான் என்ன சொல்றாருன்னா அமெரிக்காவா இருந்தா இந்தப் பேச்சே வராது, அங்க ஒரு ஸ்டேட்டோட எல்லைய டெல்லி மாதிரி மேல இருக்குறவன் தொடவே முடியாது, அவங்க கான்ஸ்டிட்யூஷன்லயே இருக்குங்கிறாரு. நான் சும்மா இருக்காம, எந்த நாட்டுலயும் பார்லிமெண்ட் நெனச்சா மாத்தலாம்யா, அந்த கான்ஸ்டிட்யூஷன் மொத வரியே எல்லா மனுசனும் சமம்னுதான, அதுல எங்க பார்டர் வருதுன்னு கேட்டுட்டேன். ரெண்டு செட்டு பரோட்டா பந்தயம். வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கறுப்புக் கோட்டு:
அண்ணே, பரோட்டாவுக்கு காச எடுத்து வச்சிக்கோங்க 😄

மொதல்ல ஒரு திருத்தம். எல்லாரும் சமமாப் படைக்கப்பட்டவங்கங்குற வரி கான்ஸ்டிட்யூஷன்ல இல்ல, 1776 ஜூலை 4 சுதந்திரப் பிரகடனத்துல இருக்கு, ஜெஃபர்சன் எழுதுன டிராஃப்ட். அது சட்டமே கெடையாது, இங்கிலாந்து ராஜாகிட்ட "உன் சங்காத்தமே வேணாம்"னு காரணத்தோட எழுதுன காயிதம். கான்ஸ்டிட்யூஷன் 1787ல பிலடெல்பியால எழுதுனது, 39 பேர் கையெழுத்து, அது "மக்களாகிய நாங்கள்"னு ஆரம்பிக்கும், நம்மளோடதும் அப்படித்தான.

இப்ப மேட்டருக்கு வரேன். அமெரிக்க கான்ஸ்டிட்யூஷன்ல 4வது ஆர்ட்டிகிள் 3வது செக்‌ஷன். ஒரு ஸ்டேட்டுக்குள்ள இருந்து புது ஸ்டேட் பிரிக்கணும்னாலோ ரெண்டு ஸ்டேட்ட சேக்கணும்னாலோ அந்தந்த ஸ்டேட் சட்டசபை சம்மதிக்கணும், அதுக்கு மேல காங்கிரஸும் சம்மதிக்கணும் (நம்ம காங்கிரஸ் இல்லண்ணே, அவங்க பார்லிமெண்ட் பேரே அதான்). நம்ம கான்ஸ்டிட்யூஷன் ஆர்ட்டிகிள் 3ல பாத்தீங்கன்னா ஜனாதிபதி மசோதாவ ஸ்டேட்டுக்கு அனுப்பி கருத்து கேட்டாப் போதும். வேணாம்னு சொன்னாலும் பார்லிமெண்ட் போட்டுத் தள்ளலாம்.

ஏன் இப்படின்னா அங்க மொதல்ல இருந்ததே 13 ஸ்டேட்டுதான், யூனியன் அப்புறமா வந்தது. 1781ல இருந்து ஒரு பழைய ஒப்பந்தம் ஓடுச்சு, அதுல சென்ட்ரலுக்கு வரி போடக்கூட அதிகாரம் இல்ல, சுதந்திரச் சண்டைக்கு வாங்குன கடன அடைக்க ஸ்டேட்டுகள்ட்ட கையேந்துற நெலம. அத சரிபண்ணத்தான் 1787ல கூடுனாங்க. அப்ப சின்ன ஸ்டேட்டுக்காரன் எல்லாம் பெரியவன் முழுங்கிருவான்னு பயந்து பேரம் பேசி வாங்குனதுதான் ஸ்டேட்டுக்கு ரெண்டு செனட்டர். கலிபோர்னியால 4 கோடிக்குப் பக்கம் ஜனம், வயோமிங்ல 6 லட்சம்கூட இல்ல, ரெண்டுக்கும் ரெண்டே பேரு. நம்ம ராஜ்யசபால தமிழ்நாட்டுக்கு 18 கேரளாவுக்கு 9னு ஆள் கணக்கு பாக்குறோம்ல, அங்க அது நடக்காது. இங்க யூனியன்தான் ஸ்டேட்டுகள வெட்டி ஒட்டுச்சு. ஸ்டேட்டுகள் சேந்து ஒப்பந்தம் போட்டு உண்டான நாடு இல்ல இதுன்னு அம்பேத்கரே 1948ல அரசியல் நிர்ணய சபைல சொல்லிருக்காரு.

தக்கலைக்காரன்:
நல்லா வெளக்கினிய. ஆனா மச்சான் ஜெயிச்சாருன்னு சந்தோசப்படாதிய. அந்த அமெரிக்கா ரூல் இங்க இருந்திருந்தா கன்னியாகுமரிக்காரங்க நாங்க இன்னைக்கும் திருவனந்தபுரத்துக்குத்தான் மனு எழுதிட்டு கெடப்போம். 1954 ஆகஸ்ட் 11ல துப்பாக்கிச்சூடு, நேசமணி ஐயா ஆளுக அத்தன போராட்டம், அதுக்குப் பொறவு 56 நவம்பர் 1ல அகஸ்தீஸ்வரம் தோவாளை கல்குளம் விளவங்கோடு நாலு தாலுகாவும் இந்தப்பக்கம் வந்து, செங்கோட்டையும் வந்து. அப்ப எங்கள வச்சிருந்த திருவிதாங்கூர்-கொச்சி சட்டசபை மனசார சம்மதிக்கணும்னு இருந்தா நடந்திருக்குமா, நீங்களே சொல்லுங்க. சம்மதம்ங்குறது நெலத்த வச்சிருக்கவன்கிட்ட சாவியக் குடுக்குறது. எல்லைல கெடக்குறவன்கிட்ட யாரும் கேக்க மாட்டாவ.

எங்க தாத்தா சொல்லுவாரு, நாம வீடு மாறல, வீட்டுக்கு மேல இருந்த ராஜ்ஜியம்தான் மாறிச்சுன்னு.

ஏலக்கா மூட்டை:
தக்கலை அண்ணே, அதே டெல்லிதான் எங்களுக்கு தேவிகுளம் பீர்மேட்ட இல்லன்னுச்சு. 1955 மாநில மறுசீரமைப்பு கமிஷன் அறிக்கைலயே அது அந்தப்பக்கம்னு எழுதிட்டாங்க. கமிஷன்ல இருந்த மூணு பேர்ல கேரளாக்காரரு பணிக்கர் ஒருத்தர்னு எங்க ஊர் பெருசுக இன்னும் பொலம்புவாங்க. அப்ப அதிகாரம் மேல இருந்தா ஒருத்தனுக்கு லாபம் ஒருத்தனுக்கு நட்டமா?

திருத்தணி லோக்கல்:
எங்க கத வேற சார். 53ல ஆந்திரா பிரியும்போது எங்கள அந்தாண்ட தள்ளிட்டாங்கோ, ம.பொ.சி. போராடுனாரு, அப்புறம் படாஸ்கர் நடுவுல உக்காந்து பேசி முடிச்சி 1960 ஏப்ரல் 1ல திருத்தணி இந்தாண்ட வந்துச்சி, சத்தியவேடு அந்தாண்ட போச்சி. ரெண்டு கெவர்மெண்டும் ஒத்துக்கினதால வம்பு இல்லாம முடிஞ்சிச்சி. அதுவே 2014ல பாருங்க, ஆந்திரா சட்டசபை அந்த மசோதாவ வேணாம்னு திருப்புச்சி, ஆனாலும் பார்லிமெண்ட் தெலங்கானாவ பிரிச்சிட்டாங்கோ. கோட்டு சார் சொன்ன ஆர்ட்டிகிள் 3 அதான். அமெரிக்கால இது ஆவாதுல்ல?

கறுப்புக் கோட்டு:
ஆகாது. ஆனா ஆள் கெட்டிக்காரனா இருந்தா அங்கயும் சந்து கண்டுபுடிப்பான். 1861ல வர்ஜீனியா யூனியன விட்டு ஓடிருச்சு, அடிமைமுறைச் சண்டை. மேற்கு வர்ஜீனியாக்காரங்க நாங்க வரலன்னுட்டு, தனியா கூடி "நாங்கதான் உண்மையான வர்ஜீனியா அரசாங்கம்"னு ஒண்ணு வச்சாங்க, அந்த அரசாங்கம் "வெஸ்ட் வர்ஜீனியா பிரிய எங்களுக்கு சம்மதம்"னு எழுதிக் குடுத்துச்சு 😂 லிங்கன் கையெழுத்துப் போட்டாரு, 1863ல புது ஸ்டேட். தனக்குத்தானே என்ஓசி.

பார்டர் தகராறுன்னா ரெண்டு ஸ்டேட்டும் நேரா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாம், அது நம்ம கான்ஸ்டிட்யூஷன் ஆர்ட்டிகிள் 131 மாதிரியே. அந்தக் காலத்துல அமெரிக்கால குடியேற வந்தவங்க கப்பல்ல வந்து எறங்குன எல்லிஸ் தீவு நியூயார்க்குக்கா நியூஜெர்சிக்கான்னு 1834லயே ஒப்பந்தம் போட்டும் 1998 வரைக்கும் இழுத்துச்சு. பழைய தீவு நியூயார்க்குக்கு, மண்ணு கொட்டி நெரவுன பெரும்பகுதி நியூஜெர்சிக்குன்னு தீர்ப்பு. ஒரே கட்டடத்துக்குள்ள ரெண்டு ஸ்டேட்டு.

ஏலக்கா மூட்டை:
குமுளி பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து பாருங்க, எங்களுக்கு ஒரே ரோட்டுல ரெண்டு ஸ்டேட்டு 😄 சரி, மச்சான் "தொடவே முடியாது"ன்னாரு, சம்மதம் இருந்தா முடியும்ல, அதனால ஒரு செட்டு நான், ஒரு செட்டு அவரு. வெஸ்ட் வர்ஜீனியா கதைய மட்டும் அவர்ட்ட சொல்லப் போறதில்ல, பீர்மேட்டுல தனி அரசாங்கம் வைக்கலாம்னு கெளம்பிருவாரு.