சீரம் பால்போல் வெளுத்திருப்பது ஏன்?

மேலூர்க்காரர்: என் தம்பியின் ட்ரைகிளிசரைடு (இரத்தத்திலுள்ள கொழுப்பு) டெசிலிட்டருக்கு 1,400 மில்லிகிராம் என்றும், சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) பால்போல் வெளுத்திருந்தது என்றும் மதுரை ஆய்வகத்தில் கூறினர். லிப்போபுரோட்டீன் லிப்பேஸ் என்னும் நொதியின் குறைபாடாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். அந்நொதியின் பணி என்ன?

உயிர்வேதியியல் மாணவி: இரத்த நுண்குழாய்களின் உட்சுவரில் அமர்ந்து, உணவிலிருந்து வரும் கைலோமைக்ரான்கள் என்னும் கொழுப்புத் துகள்களின் ட்ரைகிளிசரைடை உடைத்து, தசைக்கு எரிபொருளாகவும் கொழுப்புத் திசுவுக்குச் சேமிப்பாகவும் கொழுப்பமிலங்களை வழங்குவது அதுவே. அது குறைந்தால் உடையாத துகள்கள் தேங்கிச் சீரம் பால்போல் வெளுக்கும். 1943இல் ஹான் என்பவர், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து செலுத்திய நாய்களின், கொழுப்பால் கலங்கிய இரத்தம் தெளிவதைக் கண்டார். சுவரிலிருந்து நொதி விடுபட்டதே காரணம் என்பது பின்னரே விளங்கியது.

திருமங்கலத்தார்: பிறவிக் குறைபாடு மிக அரிது. இன்சுலின் குறைந்தால் இந்நொதியும் தளரும் என்பதால், முதலில் சர்க்கரையைப் பாருங்கள், மதுப்பழக்கத்தையும் கேளுங்கள். இந்த அளவில் கணைய அழற்சி வரக்கூடும். மேல்வயிறு கடுமையாக வலித்தால் உடனே பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மேலூர்க்காரர்: அவன் கறிதோசைப் பிரியன். நல்லெண்ணெயில் சுட்டால் ஆகாதா?

உயிர்வேதியியல் மாணவி: ஆகாது. நல்லெண்ணெயின் கொழுப்பும் கைலோமைக்ரானாகவே இரத்தத்தில் சேரும்.