நிலைமாறு பொருளாதாரம்: ஒரு சொல் முன்மொழிவும் அதன் துணைச்சொற்களும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அரசுத் திட்டமிடலிலிருந்து சந்தைமுறைக்கு மாறும் நாட்டின் பொருளாதாரத்தை ஆங்கிலத்தில் ‘டிரான்சிஷன் எகானமி’ என்கிறார்கள். அதற்கு இந்த இழையில் இடைநிலைப் பொருளாதாரம், மாறுநிலைப் பொருளாதாரம், பெயர்ச்சிப் பொருளாதாரம் ஆகிய சொற்கள் வந்துள்ளன. நான் இன்னொன்றை முன்வைக்கிறேன்: நிலைமாறு பொருளாதாரம். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்த ஒரு சொல் சரியாக அமைந்தால் இந்தத் துறையின் மற்ற சொற்கள் பாதி தானாக வந்துவிடும்.

> “வேதியியலில் ‘இடைநிலைத் தனிமங்கள்’ ஏற்கெனவே இருக்கிறது. அதையே இங்கும் கொண்டுவரலாமே?”

ஐயா, தனிம அட்டவணையில் அவை இரண்டு தொகுதிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கின்றன. அங்கே ‘இடைநிலை’ கச்சிதம். பொருளாதாரத்தில் அந்தச் சொல்லைப் போட்டால், படிப்பவர் அதைக் கலப்புப் பொருளாதாரம் என்றே எடுத்துக்கொள்வார்: கொஞ்சம் அரசு, கொஞ்சம் சந்தை. நடந்தது அதுவல்ல. ரஷ்யா 1992 ஜனவரி 2 அன்று பெரும்பாலான விலைகளின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டை விலக்கியது. அந்த ஆண்டு பணவீக்கம் சுமார் 2,500 சதவீதம். எந்த ஆலை யாருக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவந்த திட்ட அமைப்பு போய்விட்டது. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய திவால் சட்டமும், கடனைத் தரம்பார்த்துக் கொடுக்கும் வங்கிகளும், ஒப்பந்தத்தை நிலைநாட்டும் நீதிமன்றங்களும் இன்னும் காலூன்றவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்ற நிலை என்பதைவிட, இரண்டுமே இல்லாத நிலை என்பதுதான் பொருந்தும். உற்பத்தி ஏன் அவ்வளவு ஆழமாகச் சரிந்தது என்று ஆய்வாளர்கள் கேட்டபோது, பழைய கொடுக்கல் வாங்கல் கண்ணிகள் அறுந்ததை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். ‘இடைநிலை’ என்ற சொல் இதை மறைத்துவிடும்.

‘மாறுநிலை’ இயற்பியலில் மாறுநிலைக் கோணம், மாறுநிலை வெப்பநிலை என்று வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. ‘பெயர்ச்சி’ என்றதும் மனம் கிரகங்களுக்குப் போகிறது. அவை சுற்றி வந்து மீண்டும் அதே ராசியில் நிற்பவை.

‘நிலைமாறு’ எனக்குப் பிடித்ததற்கு முதற்காரணம் இலக்கணம். அது வினைத்தொகை. நிலை மாறிய, மாறுகின்ற, மாறும் என முக்காலத்தையும் ஒருசேரத் தாங்கும். இந்தத் துறைக்குத் தேவையே அதுதான். செக் குடியரசு 2007-இல், இத்தகைய நாடுகளின் மாற்றத்துக்கு நிதியளிக்கும் ஐரோப்பிய மறுகட்டமைப்பு வளர்ச்சி வங்கியின் உதவி இனித் தேவையில்லை என்று வெளியே வந்த முதல் நாடு. அது மாறிய பொருளாதாரம். உஸ்பெகிஸ்தான் 2017 செப்டம்பரில்தான் அதிகாரபூர்வ நாணய மாற்று விகிதத்தைச் சந்தை நிலவரத்தோடு இணைத்தது. டாலருக்குச் சுமார் 4,200 சோம் என்றிருந்தது ஒரே நாளில் 8,100 ஆனது. அது இன்னும் மாறுகின்ற பொருளாதாரம். கியூபா இரட்டை நாணய முறையை 2021-இல் கைவிட்டது. ஆனாலும் அங்கே திட்டமிடல் விட்டுப்போகவில்லை. அது எந்தப் பக்கம் மாறும் என்பது இனிதான் தெரியும். மூன்றும் இந்தத் துறையின் ஆய்வுக்குள் வருபவை. காலம் காட்டாத ஒரு பெயரெச்சம் தமிழில் ஆயத்தமாக இருக்கும்போது வேறெங்கே தேடுவது?

வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. ‘நிலைமாறுப் பொருளாதாரம்’ என்று தயவுசெய்து எழுத வேண்டாம்.

இரண்டாவது, இலங்கைத் தமிழில் ‘நிலைமாறுகால நீதி’ நன்றாகப் புழங்குகிறது. போருக்குப் பிந்தைய காலத்தில் நாளிதழ்களிலும் ஆவணங்களிலும் ஊன்றிய சொல் அது. அதே வேரிலிருந்து எடுத்தால் இரு கரையிலும் புரியும். ஆய்வுத்துறையைக் குறிக்க ‘நிலைமாற்றப் பொருளியல்’ என்று வைக்கலாம். நாட்டுக்குப் பொருளாதாரம், படிப்புக்குப் பொருளியல் என்ற வேறுபாட்டைக் குழப்பாமல் காப்பாற்றுவது அவசியம் என்று நினைக்கிறேன்.

இனி துணைச்சொற்கள். போலந்து 1990 ஜனவரி 1 அன்று நிதியமைச்சர் பால்செரோவிச் தலைமையில் எடுத்த, சீர்திருத்தங்களை ஒரேயடியாகச் செய்யும் வழிக்கு ‘அதிர்ச்சி வைத்தியம்’ பத்திரிகைகளிலேயே வந்துவிட்டது, அப்படியே இருக்கட்டும். 1980களில் சீனாவில் ஓர் எஃகு ஆலை திட்ட ஒதுக்கீட்டை அரசு விலைக்கும், மிஞ்சியதைச் சந்தை விலைக்கும் விற்றதே, அதற்கு ‘இருதட விலைமுறை’. ‘இரட்டை விலை’ என்றால் ஏமாற்று விலை போல ஒலிக்கிறது. அரசு விலைக்கு வாங்கிச் சந்தையில் விற்றுக் கொழுத்த அதிகாரிகள் இருந்தது உண்மைதான். ஆனால் அது அந்த முறையின் விளைவு, பெயராகக் கூடாது.

அதிகம் யோசிக்க வேண்டியது ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய் 1970களின் இறுதியில் தந்த ‘சாஃப்ட் பட்ஜெட் கன்ஸ்ட்ரெயின்ட்’. இழையில் வந்த ‘மென் வரவுசெலவுக் கட்டுப்பாடு’ எனக்கு உறுத்துகிறது. அவர் சொன்னது இதுதான்: நட்டப்பட்டாலும் அரசு கைவிடாது என்பது ஆலை மேலாளருக்குத் தெரியும். மானியம் வரும், வரி தள்ளிப்போகும், பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் கிடைக்கும். எனவே இயந்திரத்தின் விலை ஏறினாலும் அவர் கேட்கும் எண்ணிக்கை குறைவதில்லை. எல்லா ஆலைகளும் இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் எந்தச் சரக்கும் போதாது. பற்றாக்குறை அங்கிருந்து பிறக்கிறது. ஆக, கருத்தின் உயிர்நாடி அழுத்தினால் விட்டுக்கொடுக்கும் வரம்பு. அதற்குத் ‘தளர் நிதிவரம்பு’ என்பேன். எதிர்ச்சொல் ‘கறார் நிதிவரம்பு’.

> “கறார் தமிழ்ச்சொல் அல்லவே. ‘இறுக்க’ போதாதா?”

போதாது, அம்மா. இறுக்கம் என்றால் பணத்தட்டுப்பாடு என்று பொருள்படும். கையில் நிறையப் பணம் இருக்கும் நிறுவனத்துக்கும் கறார் வரம்பு உண்டு, சொன்னதற்கு மேல் யாரும் தரமாட்டார்கள் என்பதே அதன் பொருள். கறாராகப் பேசுவது, கறாராக வசூலிப்பது என்று எல்லோர் வாயிலும் புழங்கும் சொல் இது. வேர் வெளியிலிருந்து வந்தது என்பதற்காக இவ்வளவு துல்லியமான சொல்லை இழக்க எனக்கு மனமில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. ரஷ்யா 1992 அக்டோபரிலிருந்து குழந்தைகள் உட்பட எல்லாக் குடிமக்களுக்கும் 10,000 ரூபிள் முகமதிப்புள்ள தனியார்மய வவுச்சர்களை, அதாவது அரசு நிறுவனங்களின் பங்குகளைப் பெற உதவும் சீட்டுகளை, கொடுத்தது. அதைத் தெருவில்கூட விற்கலாம், பலர் விற்றார்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் கூப்பன் புத்தகத்தில் இருந்த புள்ளிகளை ஏலத்தில் பங்கு கேட்கவோ, முதலீட்டு நிதியத்திடம் ஒப்படைக்கவோதான் முடிந்தது. ‘பங்குச்சீட்டு’ என்றால் பங்கே கையில் வந்துவிட்டதாக ஆகிறது. ‘பங்குபெறு சீட்டு’ இரண்டுக்கும் பொருந்துமா? அல்லது வவுச்சர் என்றே விட்டுவிடலாமா? கருத்தைச் சொல்லுங்கள்.