ஒரே பெயரில் இரண்டு டிம்ஸ்டைல்: ஒட்டினால் எது நிற்கும்?

கோட்டுக்காரர்:
நேற்று இன்னொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார்: "டெம்ப்ளேட்டில் ஒரு தடவை டிம்ஸ்டைல் அமைத்துவிட்டால் போதும், அப்புறம் எல்லா டிராயிங்கிலும் அளவுகள் ஒரே மாதிரி வரும். இதில் நிர்வகிக்க என்ன இருக்கிறது?" பலரும் அதற்கு விருப்பம் போட்டிருக்கிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் போனது.

டிம்ஸ்டைல் என்பது அளவுக்கோடுகளின் எழுத்து உயரம், அம்புக்குறி எல்லாவற்றையும் ஒரு பெயரில் கட்டி வைப்பது. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் டெம்ப்ளேட் என்பது ஜாதகம் எழுதிக் கொடுப்பது மாதிரி. பிள்ளை அப்புறம் எப்படி வளர்கிறது என்று அது திரும்பிப் பார்க்காது. புதுக் கோப்பு திறக்கும்போது அதிலுள்ள ஸ்டைல்கள் நகலாகி வரும், அத்தோடு உறவு முடிந்தது. இன்றைக்கு டெம்ப்ளேட்டில் எழுத்து உயரத்தை மாற்றினால் போன மாதம் வரைந்த நாற்பது கோப்புகளில் ஒன்றுகூட மாறாது.

அதைவிட முக்கியமானது, இரண்டு கோப்புகளில் ஒரே பெயரில் டிம்ஸ்டைல் இருந்து ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒட்டினால், ஒட்டப்படும் கோப்பின், அதாவது போய்ச் சேரும் கோப்பின், அமைப்புதான் நிற்கும். வந்த விருந்தாளி அந்த வீட்டுச் சாப்பாட்டைத்தான் சாப்பிட வேண்டும். இது தெரியாமல் "என்ன இருக்கிறது" என்று கேட்கிறார்கள்.

ஷார்ஜா செல்வம்:
அந்த வரியை எழுதியது நான்தான். பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம் அண்ணே, பழக்கம்தானே.

நான் இங்கே ஒரு கோபுரக் கட்டடத்துக்கு முந்நூறு ஷீட் போட்டவன். ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு எத்தனையோ தடவை ஒட்டியிருக்கிறேன். அளவுகள் பழைய கோப்பில் இருந்தபடியேதான் வரும். எழுத்து உயரம் 5 என்றால் 5. எனக்கு ஒரு நாளும் மாறியதில்லை.

கோட்டுக்காரர்:
முந்நூறு ஷீட் போட்டதும் ஒட்டினால் என்ன ஆகும் என்பதும் வேறு வேறு விஷயம் தம்பி. ஒரே பெயர் என்றால் ஒட்டப்படும் கோப்பின் அமைப்புதான் நிற்கும். கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி என்பது உள்ளுக்குள்ளே ஒரு பிளாக்கை, அதாவது ஒன்றாகக் கட்டிய கோடுகளின் தொகுப்பை, இன்சர்ட் பண்ணுகிற வேலைதான். இன்சர்ட்டில் லேயரோ, டெக்ஸ்ட் ஸ்டைலோ, டிம்ஸ்டைலோ, ஏற்கெனவே இருக்கிற பெயருக்குத்தான் மரியாதை. வேறு கோப்பின் ஸ்டைல்களைக் காட்டும் டிசைன் சென்டர் பலகையிலிருந்து இழுத்துப் போட்டாலும் இதே கதைதான், அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் கண்டுகொள்ளாது.

அரைச்செங்கல்:
எழுத்து உயரம் 5 என்றால் 5. தாத்தா சொத்து மாதிரி அப்படியே வரும்.

நிலாமுற்றம்:
மன்னிக்கவும், 2008 பதிப்பிலேயே அனோடேடிவ், அதாவது ஸ்கேலுக்கு ஏற்ப எழுத்தின் அளவு தானாக மாறும் வசதி, வந்துவிட்டது. 2.5 என்று ஒரே ஸ்டைல் வைத்துக்கொண்டால் 1:100, 1:50, 1:20 எல்லாவற்றுக்கும் போதும். "டிம்-100", "டிம்-50" என்று ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒரு ஸ்டைல் வைத்து அதை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைவதால்தான் இந்தச் சண்டையே. எங்கள் அலுவலகத்தில் ரெவிட் என்ற வேறு மென்பொருள் என்பதால் இதுவும் கிடையாது. ஒரு புராஜெக்ட்டின் அமைப்புகளை இன்னொன்றுக்குக் கொண்டுபோக டிரான்ஸ்ஃபர் புராஜெக்ட் ஸ்டாண்டர்ட்ஸ் போட்டால், ஒரே பெயர் வரும்போது மேலெழுதவா, புதியதை மட்டும் எடுக்கவா என்று கேட்கும்.

கோட்டுக்காரர்:
மேடம், அனோடேடிவ் ஸ்டைலுக்கும் பெயர் உண்டா இல்லையா? அந்தப் பெயர் இரண்டு கோப்பிலும் இருந்து, ஒன்றில் 2.5, இன்னொன்றில் 3 என்றிருந்தால்? ஒட்டப்படும் கோப்பின் அமைப்புதான் நிற்கும். வண்டியை மாற்றினாலும் சாலை அதேதான். ரெவிட்டில் வெறுமனே ஒட்டினால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நிலாமுற்றம்:
ஒட்டும்போது, ஒரே பெயரில் வேறு அமைப்புள்ள டைப் இருந்தால் "ஒட்டப்படும் புராஜெக்ட்டில் உள்ளதையே பயன்படுத்துவேன்" என்று எச்சரிக்கை வரும். ஆனால் சொல்லிவிட்டுச் செய்கிறது சார். அதுதான் வித்தியாசம்.

கோட்டுக்காரர்:
ஆகா! ரெவிட்டே என் பக்கம். செல்வம், படித்தீர்களா?

ஷார்ஜா செல்வம்:
நான் ரெவிட்டைப் பற்றிப் பேசவில்லை. ஆட்டோகேடில் எனக்கு மாறியதில்லை. அவ்வளவுதான்.

பொறுமைசாலி:
இருவரும் "அமைப்பு" என்று சொல்வது ஒரே பொருளைத்தானா? ஸ்டைலில் பதிந்திருக்கும் மதிப்பு ஒன்று. அந்த ஒரு அளவுக்கோட்டின் மேல் மட்டும் மாற்றி வைத்த மதிப்பு இன்னொன்று, அதைத்தான் ஓவர்ரைடு என்கிறோம். இரண்டாவது அந்தக் கோட்டோடு ஒட்டிக்கொண்டே பயணம் செய்யும். ஸ்டைல் மாறினாலும் அது மாறாது. செல்வத்தின் கோப்பில் உயரத்தைப் பிராப்பர்ட்டீஸ் பலகையில் மாற்றியிருந்தால், அவர் பார்த்ததும் உண்மை, கோட்டுக்காரர் சொல்வதும் உண்மை. இன்னொன்று, ஒட்டாமல் எக்ஸ்ரெஃபாக, அதாவது வெளிக் கோப்பாகவே, இணைத்திருந்தால் கதையே வேறு. அங்கே ஸ்டைல் மூலக் கோப்பின் பெயரைச் சுமந்துகொண்டு தனியாக நிற்கும், மூலத்தின் அளவுதான் தெரியும். முதலில் எதைப் பேசுகிறோம் என்று தீர்மானிக்கலாமே?

கோட்டுக்காரர்:
நான் எக்ஸ்ரெஃப்பைப் பற்றிப் பேசவே இல்லை. ஒட்டுவதைப் பற்றிப் பேசுகிறேன்.

ஏன் இவ்வளவு கத்துகிறேன் என்று சொல்கிறேன், கேளுங்கள். சில வருடத்துக்கு முன்னால் ஒரு வீட்டுக்குப் படிக்கட்டுக் கைப்பிடி டீடெயில். அதை வேறொரு டிராயிங்கில் இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்திருந்தோம். ஸ்டைலின் பெயர் "டீடெயில்", அதில் டிம்எல்ஃபேக், அதாவது அளந்த நீளத்தைப் பெருக்கிக் காட்டும் எண், 0.5. பெரிதாக்கினாலும் எண் சரியாக வர வேண்டும் என்பதற்காக அந்த 0.5. சின்னப் பையன் ஒருவன் அந்தத் துண்டை எடுத்து மெயின் கோப்பில் ஒட்டினான். மெயின் கோப்பிலும் "டீடெயில்" என்று ஒரு ஸ்டைல் இருந்தது, டிம்எல்ஃபேக் 1. கம்பிக்குக் கம்பி இடைவெளி 100 என்றிருந்தது 200 ஆனது. யார் கண்ணிலும் படவில்லை. கம்பி 12 மில்லி என்பது பட்டியலில் தனியாக இருந்ததால் அது தப்பித்தது. வெல்டர் காகிதத்தில் இருந்தபடி 200க்குப் பற்றவைத்துவிட்டுப் போனார். பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் வீட்டுக்காரரின் அம்மா வந்து பார்த்துவிட்டு, "பேரப்பிள்ளை தலையை விட்டால் என்னப்பா பண்ணுவது?" என்று கேட்டார். பெயின்ட் அடித்த கைப்பிடியை அறுத்து மறுபடி பற்றவைத்தோம். காசு யார் கையிலிருந்து போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அதனால்தான் சொல்கிறேன். ஒட்டப்படும் கோப்பின் அமைப்புதான் நிற்கும்.

ஷார்ஜா செல்வம்:
முதலில் டீடெயிலை ஏன் ஸ்கேல் பண்ணிப் பெரிதாக்கினீர்கள்? வரைகிற இடமான மாடல் ஸ்பேஸில் எல்லாம் 1:1. அச்சிடும் தாளான லேஅவுட்டில் ஒரு வியூபோர்ட், அதாவது வரைந்ததைக் காட்டும் ஜன்னல், வைத்து 1:10 கொடுத்தால் டிம்எல்ஃபேக் என்ற வார்த்தையே தேவையில்லை. அறுத்தது கைப்பிடியை அல்ல, உங்கள் பழைய பழக்கத்தை அறுத்திருக்க வேண்டும்.

கோட்டுக்காரர்:
ஒரே ஆள் பத்து டிராயிங் போடுகிற இடத்தில் வந்து பாருங்கள், பழக்கம் பற்றி அப்புறம் பேசலாம். நான் டிரேசிங் பேப்பரில் ரோட்ரிங் பேனா பிடித்து, தப்பு வந்தால் பிளேடால் சுரண்டியவன்.

அரைச்செங்கல்:
பிளேடு வந்துவிட்டது. அடுத்து டி-ஸ்கொயர், அதற்கடுத்து அம்மோனியா பிரின்ட் வாசனை.

கோட்டுக்காரர்:
வரும். அந்த வாசனை தெரிந்தவனுக்குத்தான் ஒரு எண்ணின் மதிப்பு தெரியும்.

நிலாமுற்றம்:
சார், பொறுமைசாலி சொன்னதை யாரும் படிக்கவில்லையா? ஓவர்ரைடு என்று தெளிவாக எழுதியிருக்கிறாரே.

கோட்டுக்காரர்:
படித்தேன் மேடம். சரி, சோதனை வைத்துவிடலாம். இரண்டு புதுக் கோப்பு. இரண்டிலும் "வீடு-100" என்று ஸ்டைல். முதலாவதில் எழுத்து உயரம் 5, இரண்டாவதில் 2.5. முதலாவதில் ஒரு அளவுக்கோடு போட்டு இரண்டாவதில் ஒட்டுங்கள். 2.5 ஆகும். ஐந்து நிமிட வேலை.

ஷார்ஜா செல்வம்:
செய்து பார்த்தேன். 5ஆகவே இருக்கிறது. இப்போது என்ன சொல்வீர்கள்?

பொறுமைசாலி:
உயரத்தை டிம்ஸ்டைல் மேனேஜரில் மாற்றினீர்களா, அளவுக்கோட்டைத் தேர்ந்தெடுத்துப் பிராப்பர்ட்டீஸில் மாற்றினீர்களா?

ஷார்ஜா செல்வம்:
பிராப்பர்ட்டீஸில்தான். எல்லோரும் அப்படித்தானே செய்வார்கள்? 5 என்று கொடுத்தேன், 5 வந்தது.

கோட்டுக்காரர்:
ஹா! பலகையில் மாற்றிவிட்டு ஸ்டைலை மாற்றினேன் என்கிறார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தோலை மாற்றினேன் என்கிற கதை. டிம்ஓவர்ரைடு கட்டளை கொடுத்து கிளியர் போட்டு, ஒட்டியதைத் தேர்ந்தெடுங்கள். 2.5 ஆகிறதா இல்லையா பாருங்கள்.

ஷார்ஜா செல்வம்:
கிளியர் போட்டால் கிளியர் ஆகத்தான் செய்யும். கிளியர் போடாமல் ஒட்டினால் 5. உங்கள் கேள்வி ஒட்டுவதைப் பற்றியது. ஒட்டினேன். 5.

போன வருடம் லேயர் பெயர் விவகாரத்திலும் இதையேதான் செய்தீர்கள். நான் ஒன்று சொல்ல, நீங்கள் கேள்வியையே மாற்றினீர்கள்.

கோட்டுக்காரர்:
லேயர் விவகாரத்தில் தோற்றது யார் என்று அந்த இழையில் இன்னும் இருக்கிறது. சுவருக்கும் சாளரத்துக்கும் ஒரே லேயர் வைத்தவர் நான் இல்லை.

ஷார்ஜா செல்வம்:
அது அந்த கிளையன்ட் கேட்டது!

அரைச்செங்கல்:
கேட்கிற கிளையன்ட் எல்லாம் செல்வத்துக்கே அமைகிறார்.

தாழ்வாரம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் சைட்டில் எல்லோரும் அடி-அங்குலம்தான். மேஸ்திரியிடம் 3050 என்றால் "பத்தடியா சார்?" என்று கேட்கிறார். அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடத்திலோ மீட்டர். இரண்டையும் ஒரே கோப்பில் வைப்பது எப்படி?

நிலாமுற்றம்:
ஆல்டர்னேட் யூனிட்ஸ் போடுங்கள். பக்கத்தில் அடைப்புக்குள் இரண்டாவது அலகு வரும்.

கோட்டுக்காரர்:
போடாதீர்கள். ஒரே கோட்டில் இரண்டு எண் இருந்தால் மேஸ்திரி தனக்குப் பிடித்ததைப் படிப்பார். இரண்டு ஸ்டைல், இரண்டு பெயர். பெயர் தனித்தனியாக இருக்கட்டும், ஏனென்றால் ஒரே பெயர் என்றால் ஒட்டப்படும் கோப்பின்...

அரைச்செங்கல்:
...அமைப்புதான் நிற்கும்.

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் தன் பேச்சே கேட்க வேண்டும் என்றால் தனி வலைப்பூ தொடங்கலாம் சார். பத்து வருடம் மேஸ்திரிகளோடு வேலை செய்திருக்கிறேன், அடைப்புக்குள் இருந்த எண்ணை யாரும் தப்பாகப் படித்ததில்லை.

கோட்டுக்காரர்:
பத்து வருடம் நல்ல மேஸ்திரி கிடைத்திருக்கிறார். வாழ்த்துகள்.

பொறுமைசாலி:
உண்மையிலேயே தீர்வு வேண்டும் என்பவர்களுக்கு: எக்ஸ்பிரஸ் டூல்ஸில் டிம்எக்ஸ் கட்டளை ஸ்டைலைத் தனிக் கோப்பாக எழுதும், டிம்இம் அதை இன்னொரு டிராயிங்குக்குக் கொண்டுவரும். அதில் ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொள்ளவா, மேலெழுதவா என்று தேர்ந்தெடுக்கலாம். அலுவலகம் முழுக்க ஒழுங்கு வேண்டுமென்றால் நிர்ணயித்த ஸ்டைல்கள் உள்ள ஒரு டிடபிள்யூஎஸ் கோப்பை இணைத்துவிட்டு செக்ஸ்டாண்டர்ட்ஸ் ஓட்டுங்கள். மாறிப்போன டிம்ஸ்டைலை அது பிடித்துக் காட்டும்.

ஷார்ஜா செல்வம்:
மேலெழுதலாம் என்றால் மூலக் கோப்பின் அமைப்பு நிற்கிறது என்றுதானே அர்த்தம்? நான் முதலிலிருந்து சொன்னது அதுதான்.

கோட்டுக்காரர்:
இறக்குமதி வேறு, ஒட்டுவது வேறு! எத்தனை தடவை சொல்வது?

ஷார்ஜா செல்வம்:
நாளைக்கு வீடியோ எடுத்துப் போடுகிறேன்.

கோட்டுக்காரர்:
போடுங்கள். பிராப்பர்ட்டீஸ் பலகையை மூடி வைத்துவிட்டு எடுங்கள்.

புதுவரவு:
வணக்கம், நான் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். அளவுக்கோட்டின் முனையில் அம்புக்குறிக்குப் பதிலாகச் சாய்ந்த சின்னக் கோடு வரவழைப்பது எப்படி?

கோட்டுக்காரர்:
டிம்ஸ்டைல் மேனேஜரில் மாடிஃபை, அதில் சிம்பல்ஸ் அண்ட் ஆரோஸ், அங்கே ஆர்க்கிடெக்சுரல் டிக். ஆனால் தம்பி, அதை எந்தக் கோப்பில் மாற்றுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். நாளைக்கு வேறு கோப்பில் ஒட்டினால்...

ஷார்ஜா செல்வம்:
ஆரம்பித்துவிட்டார்.