பசங்க தாத்தா பாட்டியா நடிச்சா கிண்டல் பண்ற மாதிரி இருக்கு, என்ன பண்ணலாம்?

கேள்வி: எங்க நாடகத்துல நடிக்கிறவங்க எல்லாருக்கும் 15, 16 வயசு, கேரக்டருக்கு 70க்கு மேல. முதுக வளைச்சு குரல நடுங்க வச்சு பேசுறாங்க, சோகமான சீன்ல எல்லாரும் சிரிக்கிறாங்க.

பதில் 1: அந்த நடுக்கக் குரல முதல்ல நிறுத்துங்க, கடைசி வரிசைக்கு வசனமே கேக்காது. ஆளுக்கு ஒரே ஒரு வலி குடுங்க, ஒருத்தருக்கு முட்டி, இன்னொருத்தருக்கு இடுப்பு. உக்காரும்போது நாற்காலி அவங்க காலுக்குப் பின்னால தட்டுதான்னு பாத்துட்டு, கைப்பிடிய புடிச்சு மெதுவா எறங்கி கடைசில தொப்புன்னு உக்காரட்டும்.

பதில் 2: மேக்கப்ல கண்டபடி கோடு போடாதீங்க, மூஞ்சிய சுருக்கச் சொல்லி மடிப்பு விழுற எடத்துல மட்டும் பிரவுன் பென்சில், பக்கத்துல லைட் ஷேடு, நல்லா தேச்சு விடணும். முடி நரைச்ச மாதிரி காட்ட தலைக்கு பவுடர் வேணவே வேணாம், கட்டிப்புடிக்கிற சீன்ல புகையா பறக்கும் 😂

கேள்வி கேட்டவர்: சூப்பர், ஆனா இப்ப எல்லாருக்கும் முட்டி வலிதான் வேணுமாம்.